சிறு விமானத்தின் விமானி

தலைமன்னார் இறங்குதுறையின் முனையில் நின்று மேற்கே நோக்குவோருக்கு இந்தியக் கரை கண்ணுக்கு எட்டாத தூரமன்று. ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இடையே ஆதாம் பாலம் எனப்படும் மணற்றிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. வானம் துலக்கமாக உள்ள இரவுகளில் இராமேசுவரக் கரையின் விளக்கொளி தெரியும் என்று இக்கரை மீனவர் கூறுவர். இச்சிறு நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு 1914ஆம் ஆண்டு முதல் நீராவிக் கப்பல் இருந்தது. சென்னையிலே புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதம் பிடித்து, ஒரே பயணச்சீட்டுடன் கொழும்பு வந்து சேர்ந்தார். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின்னரும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. போரில் சிதைந்த புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை திறக்கப்பட்டது. புகையிரதம் வந்துவிட்டது, கப்பல்தான் வரவில்லை.

ஆதலால் இன்று அக்கரைக்குச் செல்ல விரும்பும் மன்னார்வாசி, எதிரே தெரியும் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட வேண்டியவராகிறார். ஒன்றில் தெற்கே கட்டுநாயக்காவுக்குச் செல்ல வேண்டும். அன்றேல் வடக்கே யாழ்ப்பாணம் சென்று பலாலியில் விமானம் ஏற வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பற் சேவையும் உண்டு. அது கடலின் மனநிலையைப் பொறுத்தது. பலாலியில் நிற்கும் விமானமோ பெரியதன்று. இரு புறமும் சுழல்விசிறி பூட்டிய, எழுபது பேருக்குச் சற்று மேற்பட்டோர் அமரக்கூடிய ஏ.ரி.ஆர். 72 என்னும் சிறு விமானம் அது. அலையன்ஸ் எயர் கம்பனி 2019ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அவ்விமானத்தைச் செலுத்தத் தொடங்கியது. கொள்ளை நோய்க் காலத்தில் நின்ற சேவை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் இன்டிகோ கம்பனியும் அதே வகை விமானத்துடன் அவ்வழியில் இறங்கியது.

இவ்வான்வழி புதியதன்று. 1935ஆம் ஆண்டு நவம்பரில் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம், சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சியாசிரியர் செலுத்தி வந்த ஒரு சிறு விமானமே. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள அதே பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. டக்கோட்டா என்னும் அவ்விமானத்தில் இருபது பேர் அளவில்தான் ஏறலாம். நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்கள் முன்னரே இலங்கையர் தம் விமானத்தில் கடல் கடந்துவிட்டனர் என்பதில் அந்நாளில் எல்லோருக்கும் பெருமை இருந்தது. நெடுந்தூர விமானங்களுக்கு அவுஸ்திரேலியக் கம்பனியின் கூட்டும், பின்னர் ஒல்லாந்துக் கம்பனியின் கூட்டும் தேவைப்பட்டன. ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சென்னைக்கும் பறந்த சிறு விமானமே பல்லாண்டுகள் வடபுலத்தாரின் விமானமாக இருந்தது.

விமானத்தில் ஏறும் ஒருவர் ஆசனப் பட்டியைக் கட்டிக்கொண்டதும், முன்னறையில் அமர்ந்திருக்கும் இருவரை மறந்துவிடுகிறார். அவர்கள் எவ்வாறு அவ்வாசனத்துக்கு வந்தனர், யார் அவர்களைப் பணிக்கு எடுத்தனர், எந்தக் கணக்கில் அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது என்பன வேறு யாருடைய கவலையோ என்று எண்ணுவது இயல்பு. பெரிய விமானத்தின் விமானிகள் செல்வந்தர் என்ற பேச்சு எங்கும் உண்டு. சிறு விமானத்தின் விமானியைப் பற்றிய பேச்சு அரிது. அவரைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வருமாயின் பெரும்பாலும் அது விபத்துச் செய்தியாகவே இருக்கும்.

முதலில் தகுதியைக் காண்போம். உலக நாடுகளுக்குப் பொதுவான விதியின்படி, சம்பளம் பெற்று விமானம் ஓட்டுவதற்குரிய வணிக உரிமத்துக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக இருநூறு மணித்தியாலப் பறப்பு வேண்டும். தலைமை விமானியாகப் பெரிய சேவையில் அமர்வதற்குரிய மேல் உரிமத்துக்கு இருபத்தொரு வயதும் ஆயிரத்து ஐந்நூறு மணித்தியாலமும் வேண்டும். இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இடைப்பட்ட அந்த நீண்ட வெளியை இளைஞர் கடக்கும் பாலம் பல நாடுகளில் சிறு விமானமே. அவர் துணை விமானியாக வலப்புற ஆசனத்தில் அமர்ந்து, மணித்தியாலங்களைச் சேர்த்துக்கொண்டு, பெரிய கம்பனியின் அழைப்புக்குக் காத்திருக்கிறார். அக்காத்திருப்பைக் கம்பனிகளும் நன்கு அறியும். பின்னர் வரப்போகும் பெருஞ் சம்பளத்தைக் காட்டி இப்போது சிறு சம்பளம் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்தே பிறந்தது. இது விமானத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று; வழக்கறிஞரிடம் பயிலும் இளைஞரும் இதனை அறிவர்.

சம்பளத்தை அளக்கும் கோலும் விந்தையானது. அமெரிக்கா முதலிய நாடுகளில் பறப்பு மணித்தியாலத்தை வைத்தே விமானிக்குப் பணம் கணிக்கப்படுகிறது. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்த கணத்தில் கணக்குத் தொடங்கும்; சென்றடைந்த நிலையத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கப்பட்டவுடன் முடியும். முன்னதாக வந்து வானிலை அறிக்கை படித்ததும், எரிபொருட் கணக்குப் பார்த்ததும், விமானத்தைச் சுற்றி நடந்து சோதித்ததும், அடுத்த பயணிகள் ஏறும் வரை வெயிலில் காத்திருந்ததும் அக்கணக்கில் பெரும்பாலும் சேரா. இலண்டனுக்குப் பறப்பவருக்கு ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பறப்புக் கிடைத்துவிடும். ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறைந்த வழிகளில் ஓடும் சிறு விமானத்தின் விமானியோ, அதில் பாதிப் பறப்பைச் சேர்ப்பதற்கே ஒரு நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்க வேண்டும். விமானியின் வேலையில் கடினமானவை ஏற்றமும் இறக்கமுமே. சோளகக் காற்று மன்னார்க் கரையை அறையும் மாதங்களில், பக்கக் காற்றில் சரிந்து வந்து ஓடுபாதையில் நேராக இறங்குவது எத்தகைய வேலை என்பதை, பாய் கட்டி வள்ளம் விட்ட பழைய மீனவர் ஒருவருக்கு எளிதில் விளக்கிவிடலாம். ஆக, கடினம் மிகுந்த இடத்தில் கூலி குறைகிறது.

கூலியை எவ்வாறு அளப்பது என்ற கேள்வி மன்னாருக்குப் பழகிய கேள்வியே. இக்கரையின் முத்துக்குளிப்பில் குளிப்போருக்கு மாதச் சம்பளம் இருந்ததில்லை, பங்குதான். மூன்றில் ஒரு கூறு சிப்பி குளிப்போருக்கு, இரு கூறு அரசாங்கத்துக்கு. படகுகள் கரைக்கு வந்ததும் கொட்டு எனப்படும் வேலியிட்ட வெளிக்குள் சிப்பியைக் கொண்டுபோய், குளிப்போரே அதனை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அரசாங்க உத்தியோகத்தர் காட்டுவார். பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் மற்றொருவர் ஆதலால் குவியல்கள் தாமாகவே சமமாயின. எழுத்தறியாத ஏற்பாடு என்று இதனை எள்ளுவோர் இதன் நுட்பத்தை உணர்ந்திலர். 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா வருமானம். அடுத்த ஆண்டிலே இந்தப் படுக்கைகள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர் சிப்பி இல்லை. கம்பனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்த குளிப்போர் வேறு கடல் தேடினர்.

முத்துக்குளிப்போர் மூச்சை அடக்கும் திறனைத் தந்தையிடமோ மாமனிடமோ காசில்லாமல் கற்றனர். விமானியின் கல்வி அப்படியன்று. பறப்பின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அவர் பயிற்சிக் கழகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இந்திய நாட்டில் வணிக உரிமம் பெறுவதற்குப் பல பத்து இலட்சம் ரூபா செலவாகிறது. உரிமம் கையில் கிடைத்ததும் வேலை தயாராக இருப்பதில்லை. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித்தனியே வகைத் தகுதி பெற வேண்டும். அதற்கும் மேலும் பல இலட்சம். இதனைக் கம்பனி கொடுக்குமாயின், இத்தனை ஆண்டு விட்டுப் போகேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளும். கொடுக்காதாயின், வீட்டையோ காணியையோ ஈடு வைத்து இளைஞரே கட்டுவார்.

அப்பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதற்கு நேபாள நாட்டில் நடந்தது ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பொக்காரா நகரருகே ஓர் ஏ.ரி.ஆர். விமானம் வீழ்ந்து, அதிலிருந்த எழுபத்திரண்டு பேரும் மாண்டனர். அதில் விமானியாக இருந்த பெண்மணியின் கணவரும் அதே கம்பனியில் விமானி. 2006ஆம் ஆண்டு ஒரு சிறு விமான விபத்தில் இறந்தவர். அவருக்காகக் கிடைத்த காப்புறுதிப் பணத்தைக் கொண்டே அப்பெண்மணி பறக்கக் கற்றார் என்று அந்நாட்களில் செய்திகள் வந்தன. விபத்துக்குரிய காரணம் வேறு. முன்னறையில் கைபிடி ஒன்று மாறி இழுக்கப்பட்டதே என்று விசாரணை கண்டது.

வகைத் தகுதி என்பது ஒரு சாவி. ஒரு கதவையே திறக்கும். இதனைத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றால் விளக்கலாம். மதுரையைச் சேர்ந்த நெசவாலைக் குடும்பத்தவர் ஒருவர் 2005ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பரமவுண்ட் எயர்வேஸ் என்னும் கம்பனியைத் தொடங்கினார். பிரேசில் நாட்டில் செய்யப்பட்ட எம்பிரேயர் என்னும் சிறு ஜெட் விமானங்களை, எழுபது பேர் அளவில் ஏறக்கூடியனவற்றை, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் அவர் ஓட்டினார். தெரிவில் ஒரு கணக்கு இருந்தது. நாற்பது தொன்னுக்குக் குறைந்த விமானங்களுக்கு இந்திய அரசு எரிபொருள் வரியில் சலுகை கொடுத்தது. எண்பது ஆசனத்துக்குக் குறைந்தவற்றுக்கு இறங்கு கட்டணமும் இல்லை. சில ஆண்டுகள் விமானங்கள் நிறைந்தே ஓடின. பின்னர் விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்தோடு வழக்கு எழுந்தது; 2010இல் சேவை நின்றுபோயிற்று. அந்நாளில் அவ்வகை விமானத்தை வழமையான சேவையில் ஓட்டிய வேறு கம்பனி இந்தியாவில் இல்லை. பெரும் பொருள் செலவிட்டுப் பெற்ற சாவி இருந்தது, கதவுதான் அகன்றுவிட்டது. வேறு விமானத்துக்கு மாற வேண்டுமாயின் வகைத் தகுதியை மீண்டும் முதலிலிருந்து பெற வேண்டும்.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இரு விமானிகளின் ஒரு மணித்தியாலச் சம்பளம், கணக்குக்காக, நூற்றெண்பது ரூபா என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றெண்பது பேர் அமரும் விமானத்தில் அது தலைக்கு ஒரு ரூபா. எழுபத்திரண்டு பேர் அமரும் விமானத்தில் தலைக்கு இரண்டரை ரூபா. முன்னறைக்கு எப்போதும் இருவர் வேண்டும். விமானம் பாதியாயிற்று என்பதற்காக ஒருவரைப் பாதியாக்க இயலாது. அதன் மேல், சிற்றூர்களுக்கு விமானம் விட இந்திய அரசு 2016இல் வகுத்த உடான் திட்டத்தில், ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு ஆசனங்களில் ஒரு பகுதியை 2500 ரூபாவுக்கே விற்க வேண்டும் என விதி இருந்தது. ஏழைக்கும் விமானம் என்பது உயர்ந்த நோக்கமே. எனினும் பயணச்சீட்டின் விலைக்குக் கூரை போட்டவர்கள் எரிபொருளின் விலைக்கோ குத்தகைக்கோ கூரை போட இயலவில்லை. அவை டொலரில் பேசும். கூரைக்குக் கீழே குனிய வேண்டியவை எவை என்பதை நேயர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

விமானிகள் பெரிய கம்பனிக்குத் தாவுவதைத் தடுக்க இந்திய விமானத்துறை 2017ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. தலைமை விமானி விலகுவதாயின் ஓராண்டு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். துணை விமானி ஆறு மாதம். ஒரு விமானி போனால் அவரிடத்துக்கு மற்றொருவரைப் பழக்கப் பல மாதங்கள் செல்லும் என்பது உண்மை. ஆயினும் கம்பனி மூடுவதற்கு ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்ததாக வரலாறு இல்லை.

சம்பளக் குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா ஓர் இரவில் அறிந்தது. அந்நாட்டில் பெரிய கம்பனிகள் தம் பெயரையும் வண்ணத்தையும் சிறு கம்பனிகளுக்குக் கொடுத்து, சிறு நகரங்களுக்கு அவற்றின் விமானங்களை ஓடச் செய்கின்றன. எத்தனை ஆசனமுள்ள விமானத்தை அவ்வாறு வெளியே கொடுக்கலாம் என்பதற்குப் பெரிய கம்பனிகளின் விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தத்தில் எல்லை விதித்துள்ளன. பெரும்பாலும் எழுபத்தாறு ஆசனம். தம் வேலையைக் காக்க அவர்கள் இட்ட வேலி அது. வேலிக்கு அப்பால் இருந்தோர் நெடுங்காலம் மிகக் குறைந்த கூலியில் வாழ்ந்தனர். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் இரவு, கொன்ரினென்ரல் கம்பனியின் பெயர் பூண்ட, ஆனால் கோல்கன் என்னும் சிறு கம்பனி ஓட்டிய சுழல்விசிறி விமானம் ஒன்று பவலோ நகரருகே ஒரு வீட்டின் மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த நாற்பத்தொன்பது பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர்.

வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது தலைமை விமானி செய்ய வேண்டியதற்கு மாறாகச் செய்தார் என்பதே விசாரணையின் முடிவு. ஆனால் விசாரணையில் வெளிவந்த பிற செய்திகளே மக்களை உலுக்கின. இருபத்து நான்கு வயதுத் துணை விமானியின் ஆண்டு வருமானம் பதினாறாயிரம் டொலர் அளவே. பணியிடத்தருகே வீடெடுக்க வசதியின்றி, நாட்டின் மறுகோடியிலுள்ள பெற்றோர் வீட்டில் வாழ்ந்தார் அவர். அன்று வேலைக்கு வருவதற்காக முந்திய இரவு முழுவதும் வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடந்து வந்திருந்தார். தலைமை விமானி விமான நிலையத்து ஓய்வறையில் இரவைக் கழித்திருந்தார். களைப்பு எவ்வளவு தூரம் காரணமாயிற்று என்று அளந்து கூற இயலவில்லை. களைப்பு இல்லை என்று கூறியவர் எவருமில்லை.

இறந்தோரின் குடும்பத்தார் விடாது முயன்றமையால் 2010ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் துணை விமானிக்கும் பொதுவாக ஆயிரத்து ஐந்நூறு மணித்தியாலம் வேண்டும் என்றாயிற்று. இதில் ஒரு முரண் உண்டு. கோல்கன் விமானத்தின் இருவரும் அவ்வெல்லையை ஏற்கெனவே கடந்தவர்கள். அச்சட்டம் முன்னமே இருந்திருந்தாலும் அவர்களைத் தடுத்திராது. ஆனால் சட்டத்தினால் புதிய விமானிகளின் வரத்துச் சுருங்கியது. கொள்ளை நோய்க்குப் பின்னர் பெரிய கம்பனிகள் ஆட்களை வாரி எடுத்தபோது சிறு கம்பனிகள் திகைத்தன. ஓட்ட ஆளின்றிச் சிறு ஜெட் விமானங்கள் நிலத்தில் நின்றன. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் குழுவைச் சேர்ந்த சிறு கம்பனிகள், புதுத் துணை விமானிக்கு மணித்தியாலத்துக்குத் தொண்ணூறு டொலரும், புதுத் தலைமை விமானிக்கு நூற்று நாற்பத்தாறு டொலரும் தருவதாக அறிவித்தன. அதில் ஒரு பகுதி தற்காலிகக் கொடுப்பனவு. ஐம்பது பேர் இறந்தபோது உயராத சம்பளம், ஆள் கிடைக்காதபோது உயர்ந்தது.

இந்தியாவில் 2025ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் நிகழ்ந்ததும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. விமானியின் வார ஓய்வு முப்பத்தாறு மணித்தியாலத்திலிருந்து நாற்பத்தெட்டாக உயர்த்தப்பட்டது. இரவு இறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும், அதற்கேற்ற அளவில் விமானிகள் இல்லாமையால் இன்டிகோ கம்பனியின் பறப்புகள் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் நின்றன. அரசு சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. பயணிகள் தம் இடருக்கு ஓய்வு விதியையே நொந்துகொண்டனர். ஓய்வெடுத்த விமானி யாரை ஏற்றிச் செல்வதற்காக ஓய்வெடுக்கிறார் என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

மன்னார்க் கரைக்கு மீண்டால், இதே பொருளில் மறக்க இயலாத ஒரு நாள் உண்டு. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29. தரைவழி மூடப்பட்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தார் தெற்கே வருவதற்குக் கப்பலையோ விமானத்தையோ நம்பியிருந்தனர். அச்சேவைக்கு இலங்கையில் சொந்த விமானமும் விமானிகளும் போதாமையால், லயன் எயர் என்னும் கம்பனி பெலரூஸ் நாட்டிலிருந்து அந்தோனோவ் 24 வகை விமானமொன்றை ஆட்களோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்திருந்தது. விமானத்தை மட்டும் எடுப்பது ஒரு முறை. ஓட்டுவோரையும் சேர்த்து எடுப்பது மற்றொன்று. சிறு கம்பனிகளுக்குப் பின்னது வசதியானது. விமானியைத் தேட வேண்டியதில்லை, பழக்க வேண்டியதில்லை, அவர் முதுமைக்கு எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் பழைய விமானப் படையும் பெரிய அரசுக் கம்பனியும் சிதறியபோது வேலை இழந்த விமானிகள், தொண்ணூறுகளில் இவ்வாறே ஆபிரிக்காவின் போர்க்களங்களுக்கும் ஆசியாவின் போர்க்களங்களுக்கும் கூலிக்குப் பறந்தனர்.

அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அவ்விமானம், பத்து நிமிடங்கள் அளவில் திரையிலிருந்து மறைந்தது. நாற்பத்தெட்டுப் பயணிகளும் பணியாளர் எழுவரும் அதில் இருந்தனர். அது ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்பது பின்னர் உறுதியாயிற்று. போர் முடிந்த பின், 2012ஆம் ஆண்டில், இரணைதீவுக்கு அருகே கடலின் அடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடைகளும் பொருள்களும் 2013ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் உப்பு நீரில் கிடந்த சட்டையைத் தாய் ஒருத்தி அடையாளம் காட்டுவது எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. விமானத்தை ஓட்டியோரின் வீட்டாரோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தனர். அவர்கள் எந்தக் கரையில் நின்று கடலை நோக்குவர்? அவ்விமானிகளின் சம்பளம் எவ்வளவு என்பது எவரும் கேளாத கேள்வி. எத்தகைய வான்வெளியில் பறக்கிறோம் என்பதை அவர்கள் முழுதும் அறிந்திருந்தனரா என்பதும் அவ்வாறே.

இன்றைய மன்னாரிலும் விமானியாக வேண்டும் என்று கனவு காணும் மாணவர் உளர். உயர்தர வகுப்பில் பௌதிகமும் கணிதமும் எடுத்து, நல்ல பெறுபேறும் பெற்று, பெற்றோரிடம் வந்து நிற்கின்றனர். பள்ளிமுனையில் வலை பின்னும் தந்தைக்கு அது எங்கோ ஆகாயத்தில் நடக்கும் காரியம். காணியை விற்கலாமா, வங்கியில் கடன் பெறலாமா என்று அவர் கேட்கும்போது, விளம்பரத் தாளில் சிரித்துக்கொண்டிருக்கும் சீருடைப் படத்தைக் காட்டி விடை கூறிவிடலாகாது. இலங்கையின் தேசிய விமானக் கம்பனியில் இருப்பவை பெரிய விமானங்களே. மணித்தியாலம் சேர்ப்பதற்குரிய சிறு விமானச் சேவை இந்நாட்டில் மிக ஒடுங்கியது. 2022ஆம் ஆண்டின் சில மாதங்களிலேயே ஒரு டொலரின் விலை இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்று அறுபது வரை சென்றது. பயிற்சிச் செலவும் உதிரிப் பாகமும் எரிபொருளும் டொலரைத் தொடர்ந்து ஏறின. ரூபாவில் சம்பளம் பெற்றோர் வளைகுடா நாடுகளை நோக்கினர். அவ்வாறு சென்றோர் விட்டுச் சென்ற இடம் இளையோருக்கு வாய்ப்பு என்று கூறுவோர் உளர். ஓரளவு உண்மையே, அவ்விடங்களுக்குப் போட்டியிடுவோர் கையில் ஆயிரம் மணித்தியாலம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

ஆகவே தந்தை கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உரிமம் கிடைத்த பின் வகைத் தகுதிக்கு யார் பணம் கட்டுவார்? அவ்வகை விமானம் இந்நாட்டிலும் அயல் நாட்டிலும் எத்தனை கம்பனிகளிடம் உண்டு? அயல் நாட்டவருக்கு அங்கே துணை விமானி வேலை கொடுப்பார்களா? பிணைப் பத்திரம் எத்தனை ஆண்டுக்கு? கம்பனி மூடினால் அப்பத்திரம் என்னவாகும்? மருத்துவச் சோதனையில் கண்ணிலோ இதயத்திலோ குறை தெரிந்தால் கடன் யாருடையது? கடைசிக் கேள்வியை முதலில் கேட்டு, பயிற்சிக்குச் சேருமுன்னரே முதற்றர மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்வது நன்று. பெருந்தொகை கட்டிய பின் நிறக்குருடு என்று அறிந்தோர் உலகில் பலர்.

சென்னையிலிருந்து பலாலிக்கு வந்திறங்கும் ஏ.ரி.ஆர். விமானம் அங்கே இராத் தங்குவதில்லை. பயணிகள் இறங்கி, பொதிகள் இறக்கப்பட்டு, மீண்டும் ஏறுவோர் வரிசையாக வெயிலில் நடந்து வருவதற்குள், முன்னறையிலுள்ள இருவருள் ஒருவர் இறங்கி விமானத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து சக்கரத்தையும் சுழல்விசிறியையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஏறுகிறார். ஏறும் பயணிகளுள் எதிர்க்கரையில் உறவினரைப் பார்க்கப் போகும் மன்னார்வாசிகளும் இருக்கக்கூடும். சக்கரத்தின் கட்டை எடுக்கப்படுகிறது. மீண்டும் மணித்தியாலக் கணக்குத் தொடங்குகிறது.